கருப்புப் பருந்தும் வெள்ளைப் பருந்தும் ஒரு கூட்டில்

மலேசியாவில், கோல குபு பாரு டவுனிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சடக்கின் ஓரத்தில்தான் எங்கள் தோட்டம். நான் பிறந்தபோது முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர். ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் பாதி செம்பனையாகிவிட்டது. தோட்டமும் காடும் சந்திக்கும் கிழக்கு எல்லையில் ஒரு பெரிய காட்டுமரத்தை மட்டும் யாரும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதன் கவட்டையில் சுள்ளிகளை அடுக்கிக் கட்டிய ஒரு கூடு. கூட்டுக்குச் சொந்தமான பருந்துகள் இரண்டில் ஒன்று தலை முதல் வால் வரை கரும்பழுப்பு. மற்றதற்கு நெஞ்சு வெள்ளை, அதில் பழுப்புக் கோடுகள். அந்தப் பக்கம் பால் வெட்டப் போகும் என் பெரியப்பா, "ரெண்டும் வேற வேற சாதி. ஆனா எப்படிச் சேர்ந்து குடும்பம் நடத்துதுங்க பாரு" என்பார். வீட்டாரை எதிர்த்துச் சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர் அவர். அந்த மரத்தைக் காட்டிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரியும்.

அவை இரண்டும் ஒரே இனம் என்று நான் தெரிந்துகொள்ள இருபது வருஷம் ஆனது. நிசேட்டஸ் சிர்ராட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். ஆங்கிலத்தில் இதை 'மாறக்கூடியது' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். காரணம் இந்த நிறம்தான். ஒரே இனத்துக்குள் வெளிர்நிறப் பறவையும் உண்டு, முழுக்கக் கருத்த பறவையும் உண்டு. வயதாக ஆக ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை. ஒரே வீட்டில் ஓர் அண்ணன் கருப்பாகவும் ஒரு தம்பி மாநிறமாகவும் பிறப்பதுபோல, பிறக்கும்போதே வரும் நிறம் அது. கருப்பும் வெள்ளையும் இணை சேர்வது இந்தப் பறவைகளிடம் சகஜம். நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு வருஷம் குஞ்சு கருப்பா இருந்துச்சு, இன்னொரு வருஷம் வெள்ளையா இருந்துச்சு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்" என்றார். ஓர் ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை இது. ஒரு குஞ்சின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல வருஷம் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்த்திருந்தார்.

இந்த இனமும் இதன் உறவினங்களும் சேர்ந்த கூட்டத்துக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. நாம் எல்லாவற்றையும் பருந்து என்றோ கழுகு என்றோ சொல்லிவிடுகிறோம். மலாய்க்காரர்கள் ஹெலாங் என்கிறார்கள். ஆங்கிலமும் லத்தீனும் இரண்டு வேட்டைப் பறவைகளின் பெயரை ஒட்டவைத்து ஒரு பெயர் செய்துகொண்டன. சங்கப் பாட்டில் சிறு பறவைமேல் பாயும் வேட்டைப் பறவைக்கு எழால் என்ற சொல் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் மரத்தில் இருந்தது மாறுநிற எழால்.

எழாலை மற்ற பருந்துகளிலிருந்து பிரித்தறியக் காலைப் பார்க்க வேண்டும். விரல்கள் தொடங்கும் இடம் வரை இறகு மூடியிருக்கும், நீளக் கால்சட்டை போட்டது மாதிரி. தோட்டத்தின் மேல் வட்டமிட்டுக் கத்தும் பாம்புக் கழுகுக்கு அது கிடையாது. அதன் கால் மஞ்சளாக, மொட்டையாக இருக்கும். அடுத்தது உடல் அமைப்பு. கடற்கரையில் பறக்கும் பருந்துக்கு நீண்ட சிறகு வேண்டும், காற்றில் மிதக்க. காட்டுக்குள் வேட்டையாடும் எழாலுக்கு அது இடைஞ்சல். அதன் சிறகு குட்டை, அகலம், வால் நீளம். கிளையில் அசையாமல் உட்கார்ந்திருந்து, கீழே அணிலோ உடும்போ காட்டுக்கோழியோ நகர்ந்தால், மரங்களுக்கு இடையில் வளைந்து பாயும். குட்டைச் சிறகு கிளையில் இடிக்காது, நீள வால் படகின் சுக்கான்போலத் திருப்பும், நீளக் கால் இலைகளுக்குள் நுழைந்து இரையைப் பிடிக்கும். இந்த அமைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பறவையியலாளர்களை நூறு வருஷத்துக்கும் மேலாக ஏமாற்றியது இதுதான்.

முதலில் குடுமி விஷயம். 1788இல் ஜெர்மானிய இயற்கையியலாளரான கிமெலின் இந்த இனத்துக்குச் சிர்ராட்டஸ் என்று பெயர் வைத்தார். சுருள்முடி உடையது என்று பொருள். இந்தியப் பறவைக்கு அது பொருத்தமான பெயர். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கும் மாறுநிற எழாலுக்குத் தலையில் நீண்ட குடுமி நிமிர்ந்து நிற்கும். மலேசியாவில் இருப்பதற்குக் குடுமியே இல்லை என்று சொல்லலாம். 1821இல் ஜாவாவிலிருந்து கிடைத்த பறவையைப் பார்த்து ஹார்ஸ்ஃபீல்ட் என்ற இயற்கையியலாளர் லிம்னேட்டஸ் என்று தனிப்பெயர் கொடுத்தார். அப்படியானால் ஊரில் இருப்பதும் இங்கே இருப்பதும் ஒன்றா, இரண்டா? குடுமியுள்ள கூட்டமும் குடுமியில்லாத கூட்டமும் பிரிந்து போகத் தொடங்கியிருக்கின்றன என்று வாதிடுபவர்கள் உண்டு. பெரும்பாலான உலகப் பட்டியல்கள் இரண்டையும் ஒரே இனத்தின் துணையினங்களாகவே வைத்திருக்கின்றன. நான் அந்தப் பக்கம்தான். நம்மையே பாருங்கள்: கடல் தாண்டி வந்து ஐந்து தலைமுறை ஆகிவிட்டது, பேச்சில் சடக்கும் பசியாறுதலும் சேர்ந்துவிட்டன, ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு நாம் அந்நியர் இல்லை.

கருத்த மாறுநிற எழாலைப் பார்ப்பவர்கள் பலர் அதைக் கருங்கழுகு என்று எழுதிவிடுகிறார்கள். கருங்கழுகு வேறு பேரினம், அதாவது உறவினங்களின் வேறொரு தொகுதி. மிக நீண்ட சிறகால் மரஉச்சிகளை உரசுவதுபோல மெதுவாகப் போகும், கூடுகளில் முட்டையையும் குஞ்சையும் தேடும்.

டவுனை விட்டு மேலே ஏறினால் கதை மாறும். செம்பனை முடிந்து, மூங்கில் புதர்கள் வந்து, தித்திவங்சா மலைத்தொடரின் சரிவில் காடு அடர்த்தியாகும்போது இன்னோர் எழாலின் ஆட்சி தொடங்குகிறது. பிளைத் எழால், நிசேட்டஸ் அல்போனைஜர். பெயரிலேயே வெள்ளையும் கருப்பும் இருக்கின்றன. முதுகு கருப்பு, நெஞ்சில் தடித்த கருங்கோடுகள், வயிற்றில் கருப்பு வெள்ளை வரிகள், கருத்த வாலின் நடுவே அகலமான ஒரு வெளிர்பட்டை, தலையில் நிமிர்ந்த நீளக் கருங்குடுமி. பிரேசர் மலைக்கு வரும் பறவை ஆர்வலர்கள் முதலில் கேட்பது இதைத்தான். எட்வர்ட் பிளைத் 1841 முதல் 1862 வரை கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தைக் கவனித்தவர். ஆசியாவின் பல மூலைகளிலிருந்து வந்து சேர்ந்த பறவைத் தோல்களைப் பார்த்துப் பார்த்து இனங்களைப் பிரித்தவர். 1845இல் இந்த எழாலுக்கு அவர்தான் பெயர் சூட்டினார்.

இதே சரிவில்தான் என் கண்ணும் ஒருமுறை தோற்றது. ஒரு சனிக்கிழமை காலை, மலைச் சடக்கின் வளைவில் வண்டியை நிறுத்தியபோது தலைக்கு மேல் ஒரு பறவை போனது. கருப்பு வெள்ளை வரிவயிறு, கருத்த வாலில் வெளிர்பட்டை. பிளைத் எழால் என்று குறித்துக்கொண்டேன். டவுன் கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது எடுத்த படத்தை நண்பரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, "தலையைப் பாருங்கண்ணே, புறாத் தலை மாதிரி சின்னதா இருக்கு" என்றார். அது தேன்பருந்து. குளவிக் கூட்டையும் தேனீக் கூட்டையும் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் பறவை. கொட்டு வாங்காமல் இருக்க முகத்தில் செதில்போல் நெருங்கிய இறகுகள் உண்டு. அதன் கால் மண்ணையும் அடையையும் கிளறப் பழகிய கால். எழாலின் காலைப்போல் இறுக்கிக் கொல்லும் பலம் அதற்கு இல்லை.

வடக்கே சைபீரியா, ஜப்பான் பக்கமிருந்து குளிர்காலத்தில் இங்கே வந்து போகும் தேன்பருந்துகள் உண்டு. மார்ச் வாக்கில் போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவானில் நின்றால், சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அவை பல நிறங்களில் இருக்கும். இங்கேயே குடியிருக்கும் தேன்பருந்துத் துணையினத்தில்தான் இந்த வேஷம். அதில் சில பறவைகள் வரிக்கு வரி பிளைத் எழால்போல் உடுத்தியிருக்கின்றன. இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளியது: பெரிய வேட்டைப் பறவைகள் தன்னைவிடப் பலவீனமான பருந்தையும் அடித்துத் தின்னும். வலுவானவனின் சட்டையைப் போட்டுக்கொண்டால் அடி விழுவது குறையும். தலைமுறை தலைமுறையாக அப்படித் தப்பித்தவற்றின் பிள்ளைகளே மிஞ்சின. எனக்கு இந்த விளக்கம் பொருந்துவதாகப் படுகிறது. ஒரே காட்டில், ஒரே உயரத்தில், அதே உடையில் இரண்டு பறவைகள் தற்செயலாக வந்துவிடாது.

இதுவரை சொன்னது வீட்டுக் குழப்பம். பெரிய குழப்பம் கண்டங்களைத் தாண்டியது.

1816இல் பிரெஞ்சுக்காரரான வியேயோ அமெரிக்க வெப்பமண்டலக் காட்டு எழால்களுக்கு ஸ்பைசேட்டஸ் என்று ஒரு பேரினப் பெயர் வைத்தார். இருபது வருஷம் கழித்து, 1836இல், நேபாளத்தில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்சன் இமயமலை எழாலுக்கு நிசேட்டஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றுதான், பருந்துக்கழுகு. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குட்டைச் சிறகு, நீள வால், இறகு மூடிய கால், குடுமி, எல்லாம் ஒத்துப்போயின. எதற்கு இரண்டு பெயர் என்று நிசேட்டஸைத் தூக்கிவிட்டார்கள். ஆசியக் காட்டு எழால்கள் எல்லாம் ஸ்பைசேட்டஸ் ஆயின. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் காசின் எழாலும் அந்த வீட்டுக்குள் வந்தது. நான் முதன்முதலில் வாங்கிய பறவைக் கையேட்டில் எங்கள் மரத்துப் பருந்தின் பெயர் ஸ்பைசேட்டஸ் சிர்ராட்டஸ் என்றுதான் இருந்தது.

2005இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. 2007இல் இந்தக் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இன்னோர் ஆய்வு வந்தது. முடிவு ஒன்றுபோலவே இருந்தது. அமெரிக்க எழால்களும் ஆசிய எழால்களும் நெருங்கிய உறவே இல்லை, தனித்தனிக் கிளைகள். ஆப்பிரிக்கக் காசின் எழால் இந்த இரண்டிலும் சேராமல், பாறைமுகடுகளிலும் வெட்டவெளிகளிலும் பறக்கும் பெருங்கழுகுகளின் அக்விலா கூட்டத்துக்குள் போய் நின்றது. மூன்று கண்டங்களின் காடுகள், மூன்று தனித்தனிப் பரம்பரைகளை எடுத்து, ஒரே அச்சில் வார்த்திருக்கின்றன.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டாம். எங்கள் லயத்தில் இருந்த குடும்பங்கள் சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று வேறு வேறு சீமையிலிருந்து கப்பலேறி வந்தவை. இரண்டு தலைமுறைக்குள் பேச்சு ஒன்றாகிவிட்டது, குழம்பு ஒன்றாகிவிட்டது. விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, ஒரே மேட்டில் தோளில் காண்டா வாளி சுமந்து இறங்கியவர்களுக்கு நடை கூட ஒன்றாகிவிட்டது. வெளியிலிருந்து வருபவன் அண்ணன் தம்பி என்றுதான் நினைப்பான். பிழைப்பு ஒன்று, ரத்தம் வேறு. காட்டுக்குள் பாய்ந்து வேட்டையாடும் பிழைப்பு எந்தப் பரம்பரைக்கு வாய்த்தாலும், அதன் சிறகைக் குட்டையாக்கி வாலை நீட்டிவிடுகிறது. இதன் மறுபக்கமும் உண்டு. தென்னமெரிக்காவில் கருப்பு வெள்ளை எழால் ஒன்றும், ஆண்டீஸ் மலையின் கருப்பும் செம்பழுப்புமான எழால் ஒன்றும் தோற்றத்தில் தனித்து நின்றதால் ஆளுக்கொரு பேரினமாக ஒதுக்கப்பட்டிருந்தன. மரபணு அவற்றை ஸ்பைசேட்டஸின் கூடப்பிறந்தவை என்று காட்டியது. சின்ன வயதிலேயே தத்துப் போய் வேறு வீட்டில் வளர்ந்த தம்பி மாதிரி. ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

முகச்சாடை உறவாகாது என்பது தெளிவானதும், ஹாட்சனின் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். நிசேட்டஸ் திரும்பி வந்தது. ஆசியக் காட்டு எழால்கள் இன்று அந்தப் பெயரில்தான் நிற்கின்றன.

பெயர் மாறினால் பறவைக்கு என்ன என்று தோட்டத்து இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் இந்தோனேசியாவில் இருக்கிறது. புளோரஸ் தீவிலும் அதன் பக்கத்துத் தீவுகளிலும் இருக்கும் ஓர் எழாலை 1898இல் ஹார்ட்டர்ட் என்ற பறவையியலாளர் விவரித்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் அதை மாறுநிற எழாலின் ஒரு துணையினமாகவே எழுதிவைத்திருந்தார்கள். மாறுநிற எழால் இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை பரவியிருக்கிற பறவை, அதற்கு ஆபத்தில்லை என்ற குறிப்பு அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆபத்தில்லாத பெரிய குடும்பத்தின் ஓரத்தில் இருந்த அந்தத் தீவுப் பறவையைத் தனியாக எண்ணிப்பார்க்க யாருக்கும் அவசரம் இல்லை. 2004இல் நார்வே ஆய்வாளர்கள் உடல் வேறுபாடுகளை எடுத்துவைத்து, இது தனி இனம் என்று வாதிட்டார்கள். அது ஏற்கப்பட்டது. தனியாக எண்ணியபோது நிலைமை தெரிந்தது: இன்று அது மிக அருகிய இனம், அழிவின் விளிம்பில் இருப்பவற்றுக்குரிய பட்டியலில். ஒரு வரி மாறியதால் ஒரு பறவை கண்ணுக்குத் தெரிந்தது. பிலிப்பைன்ஸிலும் அப்படித்தான். ஒன்றென்று எண்ணியிருந்த எழால், வடக்கில் ஒன்று, மிண்டனாவோ பக்கம் ஒன்று என்று இரண்டாகப் பிரிந்தது; இரண்டுமே அருகி வருபவை. ஜாவா எழாலும் 1924இல் இமயமலை எழாலின் துணையினமாகத்தான் முதலில் எழுதப்பட்டது. இன்று அது தனி இனம். கருடனின் சாயல் என்று கருதி 1993இல் இந்தோனேசியா அதைத் தேசிய அரிய விலங்காக அறிவித்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியிலும் இலங்கை மலைகளிலும் இருக்கும் எழாலை இமயமலை இனத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2008இல் அதன் குரல், அளவு, வரிகளை வைத்துத் தனி இனமாகப் பிரித்தார்கள். இலங்கையில் பணியாற்றிய லெக் என்பவர் 1878இலேயே அதை வேறு என்று எழுதிவைத்திருந்தார். 130 வருஷம் கழித்து அவர் சொன்னது ஏற்கப்பட்டது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் பறவை, இன்று அந்த மண்ணுக்கே உரிய பறவை.

எங்கள் பக்கத்தில் என் மனதை அரிப்பது மூன்றாவது எழால். வாலேஸ் எழால், நிசேட்டஸ் நானஸ். கூட்டத்திலேயே மிகச் சிறியது, சுமார் 45 சென்டிமீட்டர். இயற்கையியலாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலேஸ் 1854இல் சிங்கப்பூரில் இறங்கி, அதே வருஷம் மலாக்காவுக்கு வந்து குனோங் லேடாங் மலை வரை ஏறியவர். தீவுக்கூட்டத்தில் எட்டு வருஷம் சுற்றித் திரும்பியபின், 1868இல் இதற்குப் பெயர் வைத்தார். மாறுநிற எழால் தோட்டத்தின் ஓரத்திலும் பிழைக்கும், பிளைத் எழாலுக்கு மலை இருக்கிறது. வாலேஸ் எழாலுக்குத் தாழ்நிலத்துப் பழங்காடு வேண்டும். மலாயாவில் அந்தக் காடு எங்கே போனது என்பது நமக்குத் தெரியாத சங்கதியா? பால்மரம் நிற்பதும் செம்பனை நிற்பதும் அது இருந்த இடத்தில்தான். அதை வெட்டிச் சாய்த்தவை என் பாட்டன்மாரின் கைகள். கூலிக்கு வந்தவர்கள், சொன்னதைச் செய்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட நிலம் இந்தப் பறவையின் வீடு என்பதை மறந்துவிட்டுப் பேச என்னால் முடியவில்லை. உலகப் பட்டியலில் அது இன்று அழிவாய்ப்புள்ள இனம்.

அதை எண்ணுவதற்கும் தடையாக இருப்பது சாடைதான். பிளைத் எழாலின் இளம்பறவை பழுப்பாக, வாலேஸ் எழால்போலவே இருக்கும். மலையடிவாரத்தில் எடுத்த ஒரு படம் எந்த இனம் என்று அடிக்கடி வாக்குவாதம் வருகிறது. குடுமியைப் பாருங்கள்: வாலேஸ் எழாலின் கருங்குடுமி நுனியில் வெள்ளை இருக்கும், வளர்ந்த பிளைத் எழாலுக்கு நுனிவரை கருப்பு. வாலைப் பாருங்கள்: வாலேஸ் எழாலுக்கு மூன்று கரும்பட்டைகள். முகத்தை அழகாக எடுத்துவிட்டு வாலை வெட்டிவிட்ட படங்கள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. தோட்டத்து எல்லையில் கைப்பேசியைத் தூக்கும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது: வால் விரிந்திருக்கும் நொடியில் ஒரு படம், இடத்தின் பெயர், எவ்வளவு உயரத்தில் நின்றீர்கள் என்ற குறிப்பு. படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

எங்கள் எல்லை மரம் மறுநடவின்போது போய்விட்டது. அந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஓடையைத் தாண்டிய காட்டு ஓரத்தில், போன வருஷம் மாறுநிற எழால் ஜோடி ஒன்று கூடு கட்டியிருக்கிறது. விடிகாலையில் குட்டைக் குட்டையாக ஏறி நீளமாக முடியும் அந்தக் கூவலைக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். இந்த முறை இரண்டும் கருப்பு.